என் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற கிளப்

அன்பு மாமா,

கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் உங்களை அப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது போட்டோவைப் பார்த்தும் அப்படியே கூப்பிடுகிறேன். பதில் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஏனென்றால் ஞாயிறன்று நீங்கள் உயிரோடு இருந்தபோதும் பதில் வந்ததில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருஷம். பேப்பரில் கால் பக்கம் அஞ்சலி போட வேண்டும் என்று உங்கள் தம்பி ரேட் விசாரித்து வந்து சொன்னார். அந்தக் காசில் ஒரு வெளியூர் மேட்ச்சுக்குப் போய்வரலாமே என்று என் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு என் மேலேயே எனக்குக் கோபம். நானும் அவளுக்காகப் பேச ஆரம்பித்துவிட்டேனா? அதனால் பேப்பர் வேண்டாம் என்று சொல்லி, ஞாயிறன்று மைதானத்தில் கொடுக்கிற நோட்டீஸில் இந்தக் கடிதத்தைப் போடச் சொல்லியிருக்கிறேன். ஊரும் படிக்கட்டும்.

அவள் யார் என்று நோட்டீஸ் வாங்குகிறவர்கள் குழம்ப வேண்டாம். உங்கள் ஃபுட்பால் கிளப்தான். அதன் பெயரை நான் எழுத மாட்டேன். சக்களத்தியின் பெயரை யாராவது வாயால் சொல்வார்களா?

காதர்பேட்டையில் ஒரு வியாபாரியிடம் பனியன் பாக்கியை வசூலிக்கப் போனீர்கள். பாக்கிக்கு வழியில்லை என்று அவர் கைவசம் இருந்த கிளப்பைக் கொடுத்தார். நீங்களும் சிரித்துக்கொண்டே வாங்கி வந்தீர்கள். பணத்துக்குப் போனவர் பதினெட்டு ஆட்களுக்குச் சோறு போடுகிற பொறுப்போடு திரும்பியது நம் ஊரிலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும். அப்போது மூன்றாம் டிவிஷனில் இருந்தது. நாலு வருஷத்தில் இரண்டாம் டிவிஷனுக்கு ஏற்றினீர்கள். ஏறியதுதான் வினை. மூன்றாவதில் டவுன் பஸ்ஸில் போய் விளையாடிவிட்டு வந்தார்கள். இரண்டாவதில் வெளியூர், லாட்ஜ், மைதான வாடகை, டாக்டர், லீக் கட்டணம். அங்கே டிக்கெட் எடுத்துப் பார்க்க வருகிறவர்களும் இல்லை, டிவியில் காட்டுகிறவர்களும் இல்லை. யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான்.

நம் பனியன் கம்பெனி என்ன பெரிய கம்பெனியா? இருபத்தாறு மெஷின், பெரும்பாலும் பிறர் துணியைத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். கிளப்பின் பச்சை நிறமே நீங்கள் ஆசைப்பட்டு வைத்ததில்லை. சாயம் சரியில்லை என்று திரும்பி வந்த ஆர்டரில் மிஞ்சிய துணியின் நிறம் அது. அந்தத் துணியில் ஜெர்ஸி தைக்கும்போது, "இவங்களுக்குனே வந்த துணியாட்ட இருக்குது பாரு அம்மிணி" என்றீர்கள். எனக்கு ஒரு சேலை எடுக்கும்போது அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

நூல்காரருக்குக் கட்ட வேண்டும் என்று என் தாலிக்கொடியை வாங்கிப் போனீர்களே, அது லீக் கட்டணத்துக்குப் போனது என்று மூன்று மாதம் கழித்து நூல்காரர் வாயால்தான் தெரிந்துகொண்டேன். நான் சண்டை போடவில்லை. போட்டிருக்க வேண்டுமோ? அக்கம்பக்கத்துப் பெண்கள், "உங்க ஊட்டுக்காரரு சின்ன ஊட்டுக்குக் கெளம்பிட்டாருங்களா" என்று ஞாயிறுதோறும் கேலி பேசுவார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

நீங்கள் போனதும் கம்பெனியோடு அவளும் என் தலையில் விழுந்தாள். ஜெயித்தாலும் தோற்றாலும் பதினெட்டுப் பேருக்கும் சனிக்கிழமை ஒரே சம்பளம் கொடுத்து வந்திருக்கிறீர்கள். இது என்ன நியாயம் என்று நினைத்தேன். நமக்குத் தெரிந்தது பீஸ் ரேட். தைத்த பீஸுக்குக் காசு, தைக்காத பீஸுக்கு இல்லை. அதையே அங்கேயும் வைத்தேன். கோல் போட்டால் ஒரு ரேட். எதிராளி காலிலிருந்து பந்தைப் பிடுங்கினால் ஒரு ரேட். கோல்கீப்பருக்குத் தடுத்த பந்துக்கு ஒரு ரேட். எண்ணி எழுதுவதற்குச் செக்கிங் பிரிவிலிருந்து கஸ்தூரியை நோட்டோடு கோட்டோரம் உட்கார வைத்தேன். சிரிக்காதீர்கள்.

அதற்குப் பிறகு ஒருவனும் இன்னொருவனுக்குப் பந்தைக் கொடுக்கவில்லை. பாதி மைதானத்திலிருந்தே கோலுக்கு அடித்தார்கள். பின்னால் நிற்கிறவர்கள் பிடுங்கிய பந்தை எதிராளிக்கே விட்டு மறுபடியும் பிடுங்கினார்கள், நாலு தடவை பிடுங்கினால் நாலு பீஸ் அல்லவா. கோல்கீப்பர் பிமல் நம் அயர்னிங்கில் வேலை செய்கிற ஒடிசாக்காரர், நல்ல மனுஷர். அவரே நம் ஆட்களைப் பார்த்து, தடுக்காதே, பந்து வரட்டும் என்று சைகை காட்டினாராம். ஆறு மேட்ச்சில் ஐந்து தோல்வி. தோற்ற வாரங்களில்தான் சம்பளம் அதிகமாகப் போனது.

நம் தையல் லைனில் ஓவர்லாக் மெஷினில் ஓரம் அடித்தவர் அந்தப் பீஸ்களை அடுத்த மெஷினுக்குத் தள்ளித்தான் ஆக வேண்டும். யாரும் பீஸை மடியில் வைத்துக்கொள்வதில்லை. பந்து அப்படி இல்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அது மட்டும் காரணம் என்று எழுதினால் பொய். அவள் கெட்டுப் போகட்டும் என்று எனக்குள் ஒரு மூலையில் ஆசை இருந்தது. கெட்டாள். இப்போது பட்டியலில் கடைசி இடம். இந்த ஞாயிறு நம் மைதானத்தில் கடைசி மேட்ச். ஜெயிக்காவிட்டால் மறுபடியும் மூன்றாம் டிவிஷன்.

இந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து ஒருவர் விலை பேசினார். கட்டடம் கட்டி விற்கிறவர். இரண்டாம் டிவிஷன் இடம்தான் அவருக்கு வேண்டும். பெயரை மாற்றி, ஆட்களையும் கூட்டிக்கொண்டு சென்னைக்கே கொண்டுபோய்விடுவாராம். கீழே இறங்கிவிட்டால் அவருக்குப் பிரயோசனம் இல்லை. அதனால் புதன்கிழமை கையெழுத்து வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை, மெஷின்கள் மேல் பேங்கில் நீங்கள் வாங்கி வைத்த கடனை அடைத்துவிடும். உங்கள் தம்பி உடனே சரி என்றார். நானும்தான். மனதுக்குள் நான் அவளுக்குப் பாடையே கட்டிவிட்டேன்.

அதற்கு முந்தின நாள், இந்தச் செவ்வாய்க்கிழமை, கேப்டன் ரெக்சனும் பிமலும் ஆபீசுக்கு வந்தார்கள். ரெக்சன் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர், நம் கட்டிங்கில் இருக்கிறார். கெஞ்சப் போகிறார்கள் என்று முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன். ரெக்சன் கேட்டது வேறு.

"விக்கிறதுன்னா வித்திருங்கக்கா, நாங்க ஒண்ணும் சொல்லல. எங்க ரூம்ல மாட்டுததுக்கு சாரோட போட்டோ ஒண்ணு மட்டும் குடுங்க. சிரிக்கிற மாதிரி உள்ளது."

சிரிக்கிற மாதிரி நம் வீட்டில் ஒன்றும் இல்லையே மாமா. கல்யாண ஆல்பத்தில்கூட ஐயர் சொன்னதற்குத் தலையாட்டுகிறீர்கள், அவ்வளவுதான். இல்லை என்றேன். ரெக்சனுக்கு நம்பிக்கை வரவில்லை.

"சிரிக்காத சாரை நாங்க பார்த்ததே இல்லக்கா. ஜெயிச்சா பேசாம வருவாரு. தோத்தாதான் வேன்ல எந்திரிச்சு நின்னு பாடுவாரு, எங்கள சிரிக்க வைக்கதுக்கு."

பாடுவீர்களா? நம் மகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போது ஒரு ஆராரோ பாடச் சொன்னதற்கு, தொண்டை கட்டியிருக்கிறது என்றீர்களே. அந்தத் தொண்டை அங்கே மட்டும் எப்படித் திறந்தது?

பிமல் தனக்குத் தெரிந்த தமிழில் இன்னொன்று சொன்னார். மேடம் செயினை பேங்க்கில் வைத்த அன்று சார் கோல்போஸ்டுக்குப் பின்னால் போய் ரொம்ப நேரம் அழுதாராம். தண்ணீர் கொடுத்தது இவர்தானாம்.

எனக்குத் துக்கம் வந்தது என்று எழுதினால் பார்க்க நன்றாக இருக்கும். வரவில்லை. பொறாமைதான் வந்தது, உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் தாலிக்கொடிக்காக நீங்கள் அழுததை ஒரு கோல்கீப்பர் பார்த்திருக்கிறார், நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்தது சாப்பிடுகிற மாமா, பில் பார்க்கிற மாமா, திரும்பிப் படுத்துக்கொள்கிற மாமா. மற்றதையெல்லாம் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இருபத்துநாலு வருஷம் நான் யாரோடு குடித்தனம் நடத்தினேன்?

அவர்கள் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. பதினெட்டுப் பேரையும் சென்னைக்காரர் கூட்டிப்போய்விட்டால், அவர்களிடம் இருக்கிற உங்களை நான் எங்கே போய்க் கேட்பது?

நேற்று சென்னைக்காரர் பத்திரத்தோடு வந்தார். காப்பி கொடுத்தேன். கொடுக்கிறதாக இல்லை என்றேன். விலையை ஏற்றினார். வேண்டாம் என்றேன். ஞாயிறு தோற்றால் இதற்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது, பிறகு எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டார்.

"எங்கூட்டுக்காரரு பாதி அங்கதானுங்க இருக்கறாரு. அந்தப் பாதிய இன்னொருத்தருக்கு எழுதிக் குடுக்க மனசு வரலீங்க" என்றேன்.

அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். உங்கள் தம்பி நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. அவர் கோபம் நியாயம்தான். மங்கலம் ரோட்டில் வீடு கட்ட வாங்கிப் போட்ட சைட்டை விலைக்குச் சொல்லிவிட்டேன். பேங்க்குக்குக் கொஞ்சம், கிளப்புக்குக் கொஞ்சம். அது ஒரு வருஷம் ஓடும். அதற்குப் பிறகு தெரியவில்லை. ரேட் எழுதிய போர்டை அழித்தாயிற்று, இந்த சனிக்கிழமையிலிருந்து பழையபடி எல்லோருக்கும் ஒரே சம்பளம். கஸ்தூரிக்குத்தான் வருத்தம், ஞாயிறு பேட்டா போய்விட்டதே.

அவளை நான் மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். எனக்கு இன்னும் அவளைக் கண்டால் ஆகாது. ஃபுட்பாலும் புரியாது.

ஞாயிறன்று வருகிறேன். ஜெயிக்க வேண்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள். ஜெயித்தால்தான் இரண்டாம் டிவிஷன் தங்கும், எனக்கும் அது தெரியும். ஆனால் தோற்றால்தானே நீங்கள் பாடுவீர்கள்? நான் எதை வேண்டிக்கொள்வது மாமா?

எது நடந்தாலும் ஒன்று சத்தியம். ஆட்டம் முடிந்ததும் அவர்களோடு வேனில் ஏறி, உங்கள் இடத்தில் நான் உட்காருவேன். அங்கே நீங்கள் பாடியதை அவர்கள் பாடாமல் ஒருவரையும் கீழே இறங்க விட மாட்டேன்.

உறவிலும் உரிமையிலும் அவளுக்கு முந்தியவள்,
உங்கள் மாமன் மகள்
கோகிலா