புள்ளி வைக்காத பாத்திரங்கள்

மச்சான்,

நேற்று அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனவன், வழி தெரியாமல் சமையல்கட்டின் பின்பக்கம் போய்விட்டேன். இரண்டு பெண்கள் ஒரு பித்தளை அண்டாவைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கால் நகரவில்லை. யார் இந்தக் கிழவன் என்று பார்த்தார்கள். எங்கள் கடையின் வாசனை அது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

அறுபதுகளின் கடைசி அது. திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கம் நாம் இருவரும் சேர்ந்து பாத்திர வாடகைக் கடை போட்டோம். அண்டா, தவலை, கரண்டி, ஜமுக்காளம், அவ்வளவுதான் முதல். நீ ஊரில் நிலம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. நான் அந்த நிலத்தில் நாற்று நட்டவளின் மகன். தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் பழகியிராவிட்டால் நீ யாரோ, நான் யாரோ.

வியாபாரத்தில் நீ ஒரு தண்டம். சாவு வீட்டுக்கு வாடகை கூடாது என்பாய். கரண்டி தொலைந்தால் கேட்கக் கூடாது என்பாய். நான் முணுமுணுத்துக்கொண்டே வண்டி தள்ளுவேன். ஆனால் திரும்பி வந்த பாத்திரத்தை நாமே ஒரு தரம் தேய்க்காமல் அடுத்த வீட்டுக்கு அனுப்ப விடமாட்டாய். யார் வீட்டிலிருந்து வந்தாலும் அதே புளி, அதே சாம்பல்.

ஒருநாள் உன் சித்தப்பா கடைக்கு வந்தார். அப்பா இல்லாத உங்கள் வீட்டுக்கு அவர்தான் பெரியவர். கலர் சோடா குடித்துக்கொண்டே நிதானமாகப் பேசினார். சேரிக்குப் போய்வரும் பாத்திரத்தை ஊர்க்காரர்கள் அடுப்பில் ஏற்ற மாட்டார்களாம். சேரிக்கென்று ஒரு செட்டைத் தனியாக எடுத்துச் சிவப்புப் புள்ளி வைத்துவிட்டால் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷமெல்லாம் நமக்கே வருமாம். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்க்காமலேயே அவ்வளவும் சொன்னார். எனக்குக்கூட, வைத்துத்தான் தொலைப்போமே, கடை பிழைக்கட்டும் என்று தோன்றியது.

நீ தேய்த்துக்கொண்டிருந்த தவலையைக் கீழே வைத்தாய். "புள்ளி வெக்கணும்னா மொதல்ல எனக்கு வையி சித்தப்பா. நேத்து இவன் ஊட்லதான் துன்னுட்டு வந்தேன்."

அவர் கலரை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்தத் தையில் உன் தங்கைக்குக் கல்யாணம். வாடகைப் பாத்திரக் கடை வைத்திருப்பவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பூந்தமல்லியிலிருந்து அண்டா வந்தது. ஊரே பார்த்தது. அண்ணன் செய்ய வேண்டிய சடங்கை நீ குறையில்லாமல் செய்தாய், தங்கை கையில் பொரி போட்டாய். பந்தியில் மட்டும் உட்காரவில்லை. புது வேட்டியோடு கடைக்கு வந்து, பசிக்குது என்றாய். என் வீட்டிலிருந்து வந்த கூழைக் குடித்தோம். உன் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இந்தப் பிடிவாதத்தில் உனக்கு வீடே இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தேன்.

அதன் பிறகு ஊர்க்காரர்கள் யாரும் நம் கடைப் படி ஏறவில்லை. ஆவடியில் புதிதாகக் குடிவந்தவர்களும் எங்கள் ஜனங்களும்தான் கடையைத் தாங்கினார்கள். நீ உன் சைக்கிளை விற்றாய். நடந்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

அடுத்த வருஷம் உன் அம்மா கடைக்கு வந்தார்கள். தங்கைக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு. அண்ணன் கடைப் பாத்திரத்தில் சோறு வடித்தால்தான் மணையில் உட்காருவேன் என்று அவள் படுத்துக்கொண்டாளாம். அம்மா இதைச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "நீயும் வரணும்பா, கொயந்த சொல்லி அனுப்சிகீது" என்றார்கள். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

வண்டியை உங்கள் தெருவுக்குள் தள்ளினோம். அண்டாவைச் சமையல்கட்டு வரைக்கும் நானே தூக்கிப் போய் இறக்கினேன். சித்தப்பா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், கடைசிவரை உள்ளே வரவில்லை. அதற்காக நான் அவரை இன்று கோபித்துக்கொள்ளவும் இல்லை. அவர் அவ்வளவுதான்.

பந்தியில் என்னை உன் பக்கத்தில் உட்கார வைத்தாய். கைநிறைய வளையல் சத்தத்தோடு உன் தங்கையே வந்து புளிச்சோறு வைத்தாள். இலையில் சோறு இருக்கிறது, என் கை போகவில்லை. சுற்றி இருந்த அத்தனை பேரும் தங்கள் இலையை விட்டுவிட்டு என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது மச்சான், சத்தியமாக.

நீ உன் இலையைத் தொடாமல், கையை நீட்டி என் இலையிலிருந்து ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாய். மென்றுகொண்டே, "உப்பு கம்மியா கீது, துன்னு" என்றாய்.

நான் சாப்பிட்டேன். எல்லோரும் சாப்பிட்டார்கள்.

நீ போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆகிவிட்டது. கடையை என் மகன் பார்த்துக்கொள்கிறான். எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் நான் உடனே சாப்பிட ஆரம்பிப்பதில்லை. சர்க்கரை வியாதியா என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேட்கிறார்கள், ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். உன் கை வந்து ஒரு பிடி எடுக்கட்டும் என்றுதான் இலையை அப்படியே வைத்திருக்கிறேன்.