குறட்டைக்கும் அதற்கும்

கிழக்குத் தாம்பரம்
12-6-1978

பிரியமுள்ள சரோஜினிக்கு,

நான் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நாசரேத்தில் உனக்குப் பள்ளி வேலை கிடைத்ததாக உன் தம்பி எழுதியிருந்தான். சந்தோஷம். நீயே எழுதியிருக்கலாம்.

ஈஸ்டருக்கு மறுநாள் போனவள் நீ. பால்காரக் கன்னியம்மா தினமும் கேட்கிறாள், "இன்னா சார், அம்மா எப்போ வரும்?" என்று. லீவுக்குப் போயிருப்பதாகச் சொல்லிச் சமாளிக்கிறேன்.

நேரில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். மூன்று வருடமாக ஒரு புருஷனாக என்னால் முடியவில்லை, சரோ. உன்மேல் வெறுப்பென்று நினைத்துவிடாதே. வெட்கத்தில்தான் முன்னறையில் போய்ப் படுத்தேன். பம்மலில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். "எல்லாம் மனசுதான், சந்தோஷமா இருங்க" என்று டானிக் எழுதிக் கொடுத்தார். இரண்டு பாட்டில் தீர்ந்தது. ஒன்றும் ஆகவில்லை. பகலெல்லாம் தூக்கம் வேறு. போன வாரம் ஆபீசுக்குப் போகும்போது ரயிலில் தூங்கிப்போய், பல்லாவரத்தில் இறங்க வேண்டியவன், கடைசி பீச் ஸ்டேஷனில் கண் விழித்தேன்.

வா என்று கூப்பிட எனக்கு முகமில்லை.

உன்
அசரியா

நாசரேத்
20-6-1978

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து அழுதேன். கோபமும் வந்தது. ஒரே வீட்டில் மூன்று வருடம் இருந்துவிட்டு, இதைத் தபாலிலா சொல்வது?

நான் புறப்பட்டது அதற்காக இல்லை. ஈஸ்டர் விருந்தில் உங்களைப் பெற்ற மாமி எல்லார் முன்னாலும், "இவ வயித்துல ஒண்ணும் தங்கல" என்றபோது, நீங்கள் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அது இருக்கட்டும். உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. உங்கள் குறட்டை நடுவில் சட்டென்று நின்றுவிடும். மூச்சே இருக்காது. நான் எண்ணுவேன். இருபது, முப்பது வரை போகும். பிறகு தண்ணீரில் முழுகியவர் தலை தூக்குவதுபோலத் திணறி இழுப்பீர்கள். முன்னறைக்கு நீங்கள் போன பிறகும், எத்தனையோ தடவை எழுந்து வந்து உங்கள் தோளைத் தள்ளியிருக்கிறேன். இதை டாக்டரிடம் சொல்லுங்கள். அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் என் பெரியப்பா மகள் அமலராணிக்கும் எழுதியிருக்கிறேன்.

சரோஜினி

கிழக்குத் தாம்பரம்
9-7-1978

சரோ,

டாக்டரிடம் சொன்னேன். சிரித்தார். "மிஸ்டர், நானும்தான் குறட்டை விடறேன், எனக்கு நாலு பிள்ளைங்க. குறட்டைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

போன வாரம் ஆபீசில் வரைபடத்தின் மேலேயே தலை சாய்ந்து, மை கொட்டி, ஆறு நாள் வேலை வீணானது. இன்னொரு முறை நடந்தால் வேலை இருக்காது என்கிறார் மேனேஜர்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "குறை அவகிட்ட இல்லம்மா, எங்கிட்டதான்" என்றேன். "மெதுவாப் பேசு, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்றாள். பிறகு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

நீ எழுதியதிலிருந்து, கண்ணை மூடவே பயமாக இருக்கிறது.

அசரியா

நாசரேத்
30-8-1978

அன்புள்ள அத்தானுக்கு,

அமலராணியின் பதில் வந்துவிட்டது. உங்களுக்கு இருப்பது மனசுக் குறை இல்லை, வியாதியாம். அங்கேயே இப்போதுதான் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்களாம். தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும். உடம்புக்கு உண்மையான தூக்கமே கிடைக்காது. அதனால் பகல் தூக்கம், மறதி, ஆண்களுக்கு இந்தத் தளர்ச்சியும்கூட வருவதாக அங்குள்ள டாக்டர்கள் எழுதுகிறார்களாம். இதைப் படித்ததும் உங்களிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அடுத்த பக்கத்தைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மோசமான நிலையில் இருப்பவர்களுக்குக் கழுத்தில் துளை போட்டு, அதன் வழியாக மூச்சுவிட வைக்கிறார்களாம். சிலருக்கு எல்லாமே சரியாகியிருக்கிறது. ஊசி, மாத்திரை எதுவும் கிடையாது. மதராஸில் இதைத் தெரிந்த டாக்டர் யாரென்று அவளுக்கும் தெரியவில்லை. உடம்பை இளைக்கச் சொல்கிறாள், மல்லாந்து படுக்கக் கூடாது என்கிறாள். இவ்வளவுதான்.

மாமி எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறார்கள். "நீ வந்தால் நல்லது" என்று ஒரே வரி.

பள்ளியில் ராஜினாமா கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை காலை தாம்பரத்தில் இறங்குவேன். பிள்ளை பிறக்கும் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம், எனக்கும் சொல்ல வேண்டாம். எத்தனை நாள் என்னால் விழித்திருந்து உங்கள் தோளைத் தள்ள முடியும் என்று தெரியவில்லை. நானும் தூங்கிவிடுவேனே, அத்தான், அப்போது என்ன செய்வது?

சரோஜினி