அந்தத் துப்பாக்கி உறையின் ஓரம்

தண்ணீர்ப் பேசினில் ஊறுகிற பதனிடாத தோல் வாருக்கு மழையில் நனைந்த கால் சப்பாத்தின் நாற்றம். அது மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிடுகிறது. கோபிக்காதே, உன்னை நினைக்க எனக்கு வேறு நல்ல வாசனை இல்லை.

ஸ்காபரோவில் இந்தத் தோல் பட்டறையில், ஒரே மேசையில் பன்னிரண்டு வருடம் இருந்தோம். பழைய கவ்போய் படங்களில் இடுப்பில் தொங்குமே, அந்தப் பாணியில் கைத்துப்பாக்கி உறைகள். அவற்றின் இரண்டு ஓரங்களையும் ஈர வாரால் பின்னுவது நம் வேலை. ஒரே நாளில் சேர்ந்தோம், ஒரே ஆளிடம் வேலை பழகினோம். ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் கேட்டது உன் பின்னலைத்தான். எனக்கு வயிறு பற்றி எரியும்.

முதல் வருடம் நீ பின்னியதைப் பார்த்து, "உது என்னடி, தொளதொளவெண்டு கிடக்கு?" என்று சிரித்தேன். என்னுடையதைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து இறுக்கினேன். நீ நிமிர்ந்தும் பார்க்காமல், "ஈரத்தில இறுக்காதை. காயேக்க அதுவே இறுகும்" என்றாய். கேட்டேனா? இரண்டு நாளில் காய்ந்ததும் உன் உறை கச்சிதமாக இருந்தது. என்னுடையது சுருங்கி, ஓரம் கருவாடுபோல் வளைந்து, துப்பாக்கி உள்ளே போகவே இல்லை. நீ சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். "விடடி, வெட்டிப்போட்டுத் திரும்பப் பின்னுவம்" என்று கத்தரியை எடுத்தாய். அன்று முழுக்க உன்னோடு கதைக்கவில்லை.

போன மாரியில் நீ செத்துப்போனாய். உன் செத்தவீட்டில் ஒருத்தி, "என்ன கை அது!" என்று சொல்லி அழுதாள். அங்கேயும் எனக்கு எரிந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

போன கிழமை அந்த ஒஷாவாக்காரக் கிழவர் வந்தார். பழங்காலத் துப்பாக்கிகளால் சுடும் போட்டிக்குப் போகிறவர், உனக்குத் தெரியும். நீ பின்னிய உறையின் ஒரு ஓரத்தை அவர் வீட்டு நாய் சப்பித் தின்றிருந்தது. முந்திப் பின்னிய பெண்ணே இதையும் செய்யட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நீ இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நானே பின்னினேன். இந்த முறை இழுக்கவில்லை. தொளதொளவென்று விட்டு, இரண்டு நாள் காயவைத்தேன். பிறகு கையில் எடுத்தால், உன் ஓரம் எது, என் ஓரம் எது என்று எனக்கே தெரியவில்லை. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

இன்று வந்தார். இரண்டு ஓரங்களையும் விரலால் தடவிப் பார்த்தார். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. "அவருடைய கைக்கு ஈடே இல்லை. நான் சொன்னதாக அவரிடம் சொல்லுங்கள்" என்றார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டினேன்.

செத்த பிறகும் நீதானடி பெயர் வாங்குகிறாய். அவர் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன். ஆனால் நீ ஒருத்தியாவது தெரிந்துகொள்: அது நான் பின்னினது.