தேடுற ஆள் ஒருத்தர் போதும்

சிட்டு, என் தங்கமே, நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும். இங்க நான் உயிரோட இருக்கேன், கை கால் முழுசா இருக்கு, அதுக்கு மேல நல்லா இருக்கேன்னு எழுதக் கை வரலை. தப்புத் தப்பா எழுதியிருந்தா சிரிக்காதே, அம்மா படிச்ச படிப்பு உனக்குத் தெரியும். போன் கோபுரம் விழுந்ததுல இருந்து யாருக்கும் பேச வழியில்லை, நிவாரணக்காரங்கதான் கடிதம் வாங்கிட்டுப் போறாங்க.

அப்பா இன்னும் வரலைடி. ஊரே கிளம்பி ஓடின அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் பஸ் டிப்போ வாசல்ல வந்து நின்னோம். நிவாரணக்காரங்க லாரி வந்துச்சு, பொம்பளைங்களும் வயசானவங்களும் முதல்ல ஏறுங்க, ஆம்பளைங்க அடுத்த நடையில அப்படின்னாங்க. நான் மாட்டேன்னு அவர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டேன். உங்க அப்பா என்னை இடுப்போட தூக்கி உள்ள போட்டார், கட்டின நாள்ல இருந்து மனுஷன் என்னைத் தூக்கினது அன்னைக்குத்தான். நீ போ, நான் இங்கயே நிக்கிறேன்னு சொன்னார். அந்த அடுத்த நடை வரவே இல்லை சிட்டு. நாங்க இந்தப் பக்கம் வந்ததும் பாலம் போயிடுச்சு.

டிப்போவுல டைம் கீப்பரா இருந்து, தொலைஞ்சு போன பிள்ளைங்க அழுறதைப் பார்த்துப் பார்த்து, நம்ம வீட்டுக்குன்னு அவர் ஒரு சட்டம் வச்சிருந்தாரே. கூட்டத்துல பிரிஞ்சா பிரிஞ்ச இடத்துலயே நில்லு, தேடுற ஆள் ஒருத்தர் போதும், ரெண்டு பேரும் தேடினா சுத்திக்கிட்டேதான் இருப்போம்னு. கண்காட்சியில நீ தொலைஞ்சப்ப மூக்கு ஒழுக ஒழுக பொம்மைக்கடை முன்னாடியே நின்னு, நான் நகரவே இல்லைப்பான்னு பெருமை வேற பேசினே. சட்டம் போட்ட ஆள் நகருவாரா சொல்லு. நானும் லாரி இறக்கிவிட்ட இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு அசையலை. கூட இருந்தவங்க எல்லாம் ஆஸ்பத்திரி, மத்த முகாம்னு அலைஞ்சு கேட்டுட்டு வந்தாங்க, நான் மட்டும் கேட்டையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் தேடி வருவார்னு நான் இங்க, நான் தேடி வருவேன்னு அவர் அங்க. இந்த மரமண்டைக்கு இது இப்பதான் உறைக்குது. தேடுற ஆளே இல்லாமப் போச்சேடி.

சாப்பாட்டுக்குக் குறை சொல்லக் கூடாது, ரெண்டு வேளை கஞ்சி தர்றாங்க, தண்ணி லாரி வருது, பாயும் வாளியும் சோப்பும் கொடுத்தாங்க. ஒரு வகுப்புக்கு நாலு குடும்பம், நடுவுல புடவைதான் சுவர். அந்தப் பக்கம் ஒரு தையல்காரம்மா, எல்லாச் சேதியும் முதல்ல அவங்க வாயிலதான் வரும், ரேடியோ அக்கான்னு பேர் வச்சிருக்கோம். பழைய துணி கொடுத்தப்ப நான் ஒரு ஆம்பளைச் சட்டை எடுத்தேன். வரிசையில நின்னவ ஒருத்தி, புருஷன் இல்லாதவளுக்குச் சட்டை எதுக்குன்னு கேட்டுட்டா. ரேடியோ அக்காதான், நீ எடுத்த கவுனுக்குள்ள உன் ஒரு கை நுழையுமா, முதல்ல அதைப் பாருடின்னு அவ வாயை அடைச்சாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், அப்புறம் உள்ள போய் அந்தச் சட்டையிலயே மூஞ்சியைத் துடைச்சேன்.

காணாமப் போனவங்களை விசாரிக்க ஒரு தம்பி வருவார், சட்டை முழுக்கப் பாக்கெட். அவ்வளவு பாக்கெட் இருந்தும் ஒண்ணுலகூட பதில் இல்லையேன்னு ரேடியோ அக்கா கேக்கும், அவரும் பாவம் தலையைக் குனிஞ்சுக்குவார். நல்ல பிள்ளைதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் போக எங்களுக்கே அனுமதி இல்லைம்மா, மனுஷன் நடமாட்டம் இருக்கான்னுகூடத் தெரியலைன்னு சொன்னார். அப்பா படம் கேட்டார். நம்ம வீட்டுல படம் எடுத்ததெல்லாம் அப்பாதானே, அவர் எந்தப் படத்துல இருக்கார்?

இப்ப பள்ளிக்கூடம் திறக்கப் போறாங்களாம், எங்களை எல்லாம் ரொம்ப தூரத்துல ஒரு பெரிய முகாமுக்கு மாத்துறாங்க. நாளைக்குக் காலையில பஸ். நான் இங்கயே ஒரு மூலையில இருந்துக்கிறேன், கூட்டிப் பெருக்கிக்கூடக் கொடுக்கிறேன்னு கெஞ்சினேன். பஸ் போனதும் கஞ்சியும் தண்ணி லாரியும் நின்னுடும், உங்களை யார் பார்த்துக்குவாங்கன்னு கேட்டாங்க. போறவங்க எல்லாம் எந்த முகாம்னு வாசல் சுவர்ல கரியால எழுதிட்டுப் போறாங்க, நானும் எழுதலாம்னு போனேன். பிள்ளைங்க வர்றதுக்குள்ள வெள்ளையடிச்சு முடிக்கணுமாம், பெயிண்டர் அந்த மூலையில இருந்து அடிச்சுக்கிட்டே வர்றார். அவரை என்னன்னு கோவிச்சுக்கிறது. எல்லாரும் நல்லவங்களாத்தான் இருக்காங்க சிட்டு, ஒருத்தராலயும் ஒண்ணும் ஆகலை.

நீ புறப்பட்டு வர்றேன்னு கிளம்பாதே. வேலைக்கு ஒழுங்காப் போ, அழுதுக்கிட்டே பட்டினி கிடக்காதே, மாப்பிள்ளை மேல எரிஞ்சு விழாதே, அவர் என்ன பண்ணுவார். உன் கல்யாணப் படத்துல ஏதாவது ஓரத்துலயாவது அப்பா இருந்தா, இந்த நிவாரணக்காரங்க ஆபீஸ் உன் ஊர்லயும் இருக்காம், தேடிப் போய்க் கொடுத்துடு, மறந்துடாதே. உன் வயிறு நிறையணும், உன் வீட்டு விளக்கு அணையக் கூடாது, என் ஆயுசும் உனக்கே சேரட்டும்.

உன்னைப் பெத்த அம்மா.

இது உன் கைக்கு வர்றப்ப பஸ் போயே ரொம்ப நாள் ஆகியிருக்கும், தெரியும். ஆனா வேற யாரைக் கேப்பேன்? அவர் வந்து பார்க்கிறப்ப நான் இல்லைன்னா என்னடி நினைப்பார்?