பங்குக் கிணறு கரித்த கிழமை

புரட்டாதி 20, ஞாயிறு

சோளகக் காற்று விழுந்து நாலு நாள். இலை அசையவில்லை. வெயில் நெருப்பு. மழைக்கு இன்னும் மூன்று கிழமை. சரவணை ஊர் முழுக்க என்னிடம் கேட்டுத்தான் மழைக்கு ஆயத்தம் செய்வது, என் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை.

காலைத் தேத்தண்ணி வாயில் வைக்க ஏலாது. உப்பு. சீனிப் போத்தலை மாற்றி எடுத்தாயா என்று சுகியிடம் கேட்டேன்.

"சீனி சரியாத்தான் கிடக்கு சித்தப்பா. கிணத்துத் தண்ணிதான் கரிக்குது."

எங்கள் கிணறு கரிக்கிறதாம். தீவிலேயே முதல்தரத் தண்ணீர். கண்டியில் நான் கடை வைத்திருந்த காலத்தில் ஒரு மந்திரி இதைப் போத்தலில் கேட்டு வாங்கிக் குடித்தவர். சோதித்துப் பார்த்தேன். சவுக்காரம் நுரைக்கவில்லை. பருப்பு ஒன்றரை மணித்தியாலம் அடுப்பில் கிடந்தும் கல்லு. ஆக, உண்மைதான்.

சுகி என் தமையனின் மகள். தமையனும் அண்ணியும் உயிரோடு இல்லை. அவள் புருசன் கட்டாரில். இப்போது எட்டாம் மாதம். முதல் பிள்ளை என் வீட்டில்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த நேரத்திலா கிணறு கரிப்பது.

யார் வேலை? கிணற்றில் பாதிப் பங்கு பக்கத்து வளவு சிவக்கொழுந்து அக்காவுக்கு. காணி உறுதியிலேயே எழுத்து. இரண்டு மாடு, ஒரு கன்று. நாளுக்கு அறுபது வாளி அள்ளுகிறார். எண்பதும் இருக்கும்.

இன்னொன்று. வியாழன் சுகியோடு கிளினிக் போய்த் திரும்பினால் வாழைக்குக் கிணற்றிலிருந்து இறைக்கும் என் மோட்டரின் வயர் பிளக்கில் இல்லை. குசினி யன்னலுக்குள்ளால் யாரோ இழுத்திருக்கிறார்கள். என் வளவு, என் வயர். விசாரிக்க வேண்டும்.

21, திங்கள்

மருத்துவமாது வந்தார். பிள்ளைத்தாய்ச்சிக்கு இந்தத் தண்ணீர் வாயில் படக்கூடாதாம். பவுசர் லொறியில் வரும் தண்ணீர்தான். புதனும் சனியும் சந்திக்கு வரும். நான் தண்ணீர்க் கான் தூக்க வேண்டும். நான்.

மழைக்கு முன் செய்ய:
கூரைப் பீலி கழுவ. காகக் கூடு எடுக்க.
மழைத் தொட்டிக்குள் இறங்கித் தும்புத்தடியால் உரஞ்ச.
முதல் இரண்டு மழைத் தண்ணீரை வெளியே விட. கூரை ஊத்தை முழுக்க அதில்.
விறகு உள்ளே எடுக்க.
சுகியின் அறைக்கு ஓடு இரண்டு.

வாழை நாற்பது கண்டும் வாடிப்போய். (ஊரில் நூறு என்று சொன்னேன். வளர்ந்தால் நூறு மாதிரித்தான் தெரியும்.) எரிச்சல்.

வேலிக்கு அப்பால் அக்கா உரலில் எதையோ இடிக்கிறார். பிள்ளை பிறந்ததும் சுகிக்குச் சரக்குக் கறி காய்ச்ச மல்லி, மிளகு, மஞ்சளாம். மணம் நல்லாய்த்தான் இருக்கிறது. கிணற்றை அழித்துவிட்டுச் சரக்கு.

23, புதன்

பவுசர் பத்துக்கு என்றார்கள். பன்னிரண்டரை. வெயிலில் இருபது பேர். எனக்கு முன்னால் அக்கா, இரண்டு மஞ்சள் கானோடு. எல்லாருக்கும் கேட்கத்தான் கேட்டேன்.

"மாட்டுக்கு ஊத்தி ஊத்திக் கிணத்தை அழிச்சுப்போட்டு இஞ்சை வந்து நிக்கிறியளோ அக்கா?"

பின்னால் ஒருவன்: "அப்ப உங்கடை மோட்டர் என்ன அண்ணை?"

"அது ஒரு மணித்தியாலம் ஓடினது. மோட்டரைப் பற்றி எனக்குச் சொல்ல வாறீரோ? நான் கண்டியிலை மோட்டர் வித்தவன்."

(பக்கத்துக் கடைக்காரன் விற்றவன். நான் பார்த்துக்கொண்டிருந்தவன்.)

அக்கா கானைக் குழாய்க்குக் கீழே வைத்தார். நிரப்பினார், தூக்கினார், போய்விட்டார். பதில் வரவில்லை என்றால் என்ன அர்த்தம். அவர்தான்.

24, வியாழன்

காலை கதிரையில் சுகியின் பை. உடுப்பு, கிளினிக் கொப்பி, எல்லாம் அடுக்கி.

"எங்கை பிள்ளை?"

"மண்கும்பானுக்கு, அவரின்ரை வீட்டை. மாமி சனி பின்னேரம் ஓட்டோ அனுப்புறாவாம்."

"தண்ணிக்கோ? அதுதான் பவுசர் வருகுதே."

"தண்ணிக்கில்லை. பெத்துப்போட்டுக் கிடக்கேக்கை என்னை ஆர் பாக்கிறது? நீங்களோ முழுக வார்த்துச் சரக்குக் காய்ச்சப் போறியள்? இருந்த ஒரு கொழுந்துப் பெரியம்மாவையும் சந்தியிலை வச்சுப் பேசினனீங்களாம்."

"கிணத்தை அழிச்சவவுக்கு வேறை என்ன?"

"அழிச்சது நீங்கள் சித்தப்பா. போன வியாழன் மோட்டரை நிப்பாட்டாமல் என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனனீங்கள். கொழுந்துப் பெரியம்மா ரண்டு மணிக்கு மாடு அவிழ்க்க வந்து பாத்தா, கிணத்திலை அடி தெரியுதாம். யன்னலுக்குள்ளாலை கையை விட்டு வயரை இழுத்தது அவதான்."

"அதை ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"சொன்னால் கத்துவியளாம். பிரஷர்காரன், பாவமாம். என்னையும் வாய் திறக்க வேண்டாம் எண்டவ."

பாவமாம். என்னைப் பாவம் பார்க்க இவர் யார். நேற்று இருபது பேருக்கு முன்னால் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே. கானைத் தூக்கிக்கொண்டு போகிறார். உடம்பெல்லாம் எரிகிறது.

இந்தக் கொப்பியில் மட்டும்: ஏழு மணிக்கு மோட்டர் போட்டேன். ஊர்காவற்றுறைக் கிளினிக் பத்தரைக்கு முடிந்தது. சுகியைத் தேத்தண்ணிக் கடையில் இருத்திவிட்டு, அங்கிருந்தவர்களுக்குப் புயலில் தனியாளாய் வள்ளம் கரைசேர்த்த கதை சொன்னேன். கதை முடிய இரண்டு பஸ் போய்விட்டது. (வள்ளத்தில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள்.)

தீவுக் கிணற்றில் மேலே கொஞ்சம்தான் நல்ல தண்ணீர், அடியில் உவர். வாளியால் அள்ளினால் மேல்தண்ணீர் மட்டும் வரும். அடிவரை இழுத்தால் உவர் ஏறிவிடும், பெருமழை வரை இறங்காது. ஊருக்கே இதைச் சொல்லிக் கொடுப்பவன் நான்.

26, சனி

பவுசர் இன்றைக்கென்று நேரத்துக்கு வந்து தொலைந்தது. பிந்தியிருந்தால் தப்பியிருப்பேன்.

அதே ஆட்கள். அக்கா குழாயடியில். சொன்னேன்.

"கிணத்தை அழிச்சது நான். மோட்டரை ஓடவிட்டிட்டு ஊர்காவற்றுறையிலை கதைச்சுக்கொண்டிருந்தனான். அக்கா வயரை இழுத்திராட்டி இப்ப கிணறே இல்லை."

அன்று பின்னால் நின்ற அதே ஆள்: "எத்தினை மணித்தியாலம் ஓடினது அண்ணை?"

"பத்து."

ஏழுதான். சொல்லுவதென்று வந்தபிறகு குறைத்துச் சொல்வதா.

அக்கா திரும்பிப் பார்த்தார். "முடிஞ்சுதோ பிரசங்கம்? கானைப் பிடி, தண்ணி வழியுது."

அவர் கான் இரண்டும் என் தோளில். வாசற் படலை வரை அக்காவின் பேச்சு நிற்கவில்லை.

"மோட்டரைக் கழட்டு."

"ஓம்."

"உந்த வாழையும் ஒரு வாழையோ? கண்கொண்டு பாக்க ஏலாமல் கிடக்கு."

அதற்கு நான் ஓம் சொல்லவில்லை. எனக்கும் ஒரு மானம் இருக்கிறது.

பின்னேரம் ஓட்டோ வந்தது. நான் எழும்ப முதலே அக்கா படலையில் நின்று திருப்பி அனுப்பிவிட்டார். சுகி உள்ளே போய்ப் பையை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"அதை அவிழ்க்காதை பிள்ளை," என்றார் அக்கா. "ஆசுப்பத்திரிக்கு அப்பிடியே தூக்கலாம்."

மோட்டர் சாக்குக்குள். வாளிக்குப் புதுக் கயிறு வேண்டும், பன்னிரண்டு முழம்.

இருந்தாலும் அன்றைக்கே ஒரு சொல் சொல்லியிருக்கலாம் அந்த மனுசி. நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது.