தும்பை மடியேறிய செய்தி

சுனை வற்றாத வேங்கைமலை நாட்டின் பேரமைச்சன் நல்லியாதன், ஆம்பல்துறை ஆளும் கோமகன் பெருங்கோதையார் திருமுன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் துறைக்குக் கலங்கள் நலமே வந்து சேர்க. தங்கள் வயலின் கடைமடைக்கும் நீர் எட்டுக. தங்கள் அரண்மனையில் எவரும் நோயறியாது வாழ்க. இவ்வோலையைத் தங்கள் திருமகள் நறுவீ நங்கையாரும் உடனிருந்து கேட்க வேண்டும் என்பது எம் அரசரின் விருப்பம். செய்தி அவருக்கே உரியது.

எம் இளவரசர் கடலாதனுக்கு நங்கையாரை மணம் பேச இவ்வமைச்சன் தூது வந்தபோது, நங்கையார் இசையவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தம் கையால் வளர்த்த தும்பை என்னும் வெள்ளை முயலைக் கூடையோடு தந்தார். மூன்று முழுநிலவுக்குள், எவரும் பிடித்து வைக்காமல், தும்பை தானாகவே ஒருவர் மடியில் ஏறி அமர்ந்தால் தாம் மணமகளாக வருவதாகவும், இல்லையேல் முயலைத் திருப்பி அனுப்பி மணப்பேச்சை மறந்துவிட வேண்டும் என்றும் உரைத்தார். அன்று அவையில் சிலர் வாய்க்குள் சிரித்தனர். அவர்களுள் இவ்வமைச்சனும் ஒருவன் என்பதை மறைக்கப் போவதில்லை.

பிற நாட்டிலிருந்து வரும் எந்த உயிரையும், குதிரையாயினும் கிளியாயினும், முரசுக் கொட்டிலில் வைத்துக் காலையும் மாலையும் முரசறைந்து போற்றுவது எம் நாட்டு வழக்கம். ஆகவே தும்பை முரசுத் தலைவன் அழிசியின் பொறுப்பில் சேர்ந்தது. அழிசிக்குக் கை பெரிது, குரல் அதைவிடப் பெரிது. அரச மணத்தில் முழக்குவதற்கென்றே பெருமுரசுக்குப் புதுத் தோல் போர்த்தி எட்டு ஆண்டுகளாகக் காத்திருப்பவன். முயல் மடியேறினால்தான் மணம், மணம் நடந்தால்தான் அவன் முழக்கம் என்பதால், தும்பையைப் பெற்ற பிள்ளையைப் போலத் தாங்கினான்.

தாங்கிய விதத்தில்தான் பிழை நேர்ந்தது. முதல் நாள் காலை முரசு முழங்கியதும் தும்பை கூடைக்குப் பின்னே ஒண்டிக்கொண்டு, பின்னங்காலால் தரையைத் தொம்மென்று அடித்தது. வாழ்நாளெல்லாம் தாளத்திலேயே ஊறிய அழிசிக்கு அது தாளமாகவே கேட்டது. மகிழ்ந்துபோய் விரல்களால் மறுதாளம் வாசித்தான், முயல் மீண்டும் அடித்தது, இவனும் விடவில்லை. ஆம்பல்துறை முயல் தாளம் கற்ற முயல் என்று ஊரெல்லாம் பேச்சாயிற்று. அவையோர் கூட்டமாய் வந்து கேட்டுத் தலையசைத்தனர். இளவரசரும் வந்து, ஆர்வ மிகுதியால் மேலிருந்து குனிந்து அதை அள்ளித் தூக்கி, மார்பில் மூன்று கீறல் பெற்றுச் சென்றார். இரண்டு முழுநிலவு இவ்வாறே கழிந்தது. தும்பை பாதி உணவைத் தொடாமல் விட்டு இளைத்தது. அதைத் தூக்கிப் பார்த்த மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார்.

பின்னொரு நண்பகலில், முரசு ஓய்ந்திருந்த வேளை, முற்றத்தின் மேல் பருந்து ஒன்று வட்டமிட்டு அதன் நிழல் தரையில் ஓடிற்று. தும்பை அதே காலால் அதே அடி அடித்து, கல்லாய் உறைந்தது. பார்த்திருந்த அழிசி நேரே இவ்வமைச்சனிடம் வந்தான். அவன் முகத்தில் அத்தனை வெட்கத்தை இதற்கு முன் கண்டதில்லை. அவன் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்: "சாமி, அது தாளம் போடல. பயந்து உதைக்குது. ரெண்டு மாசமா அது அழுதிருக்கு, நான் கூடவே வாசிச்சிருக்கேன்."

கொட்டிலில் முரசை நிறுத்த வேண்டும் என்றான். வழக்கத்தை மீறலாகாது என இவ்வமைச்சன் தடுத்தும், அரசர் இசைந்தார். பெருமுரசின் மேல் கம்பளி போர்த்தப்பட்டது.

அதன்பின் அழிசி செய்ததெல்லாம் ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான். அருகம்புல்லை உள்ளங்கையில் வைத்து, கையைத் தரையோடு தரையாக நீட்டி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக் குப்புறப் படுத்துக் கிடந்தான். முரசுத் தலைவன் பாயாகிவிட்டான் என்று வீரர்கள் கேலி பேசினர். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் கூடைக்கு மேலே இரண்டு காதுகள் தெரிந்தன. ஒன்பதாம் நாள் தும்பை புல்லைப் பறித்துக்கொண்டு ஓடிற்று, அவன் துரத்தவில்லை. தும்பை தன் மீசை பட அவன் முழங்கையை மோந்து பார்த்த நாளில், வந்த தும்மலை அவன் அடக்கிய பாடு சொல்லி முடியாது. ஒருநாள் இவ்வமைச்சன் எட்டிப் பார்த்தபோது, முயல் அவனருகே கால்களை நீட்டி ஒருக்களித்துச் சாய்ந்து கிடந்தது. உயிர் போயிற்றென்று எண்ணி மருத்துவரைக் கூவி அழைக்க வாய் திறந்தேன். அழிசி விரலை உதட்டில் வைத்தான். தும்பை உறங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் முழுநிலவுக்கு நான்கு நாள் இருக்கையில், அழிசி சப்பணமிட்டுப் புல் ஆய்ந்துகொண்டிருந்த பிற்பகலில், தும்பை தானாக வந்து மடியில் ஏறி, ஒருமுறை சுற்றி, அமர்ந்தது. செய்தி கேட்டு இவ்வமைச்சன் சாட்சிக்கென முயலோடு தாங்கள் அனுப்பியிருந்த தூதரோடு விரைந்தபோது, கால் மரத்துப்போயும் அசையாமல் இருந்தான் அழிசி. அந்தப் பெரிய கை முயலின் நெற்றியை மெல்ல வருட, மனம் நிறைந்த முயல் செய்வதுபோல் அது பற்களை மெல்ல அரைத்துக்கொண்டிருந்தது. அவன் கண் கலங்கியிருந்தது, எம் கண்ணும்தான். தங்கள் தூதர் சாட்சி.

பரிசு யாதென அரசர் வினவியபோது, நங்கையார் வரும் நாளில் முரசு வேண்டாம் என்றான் அழிசி. எட்டு ஆண்டுக் காத்திருப்பை அரசர் நினைவூட்ட, அவன் சொன்ன விடை இது: "இன்னும் கொஞ்ச நாள் காத்திருந்தா ஒண்ணும் ஆகிடாது, ராசா. புது எடத்துக்கு வர்றது அவங்க. மனசு தெளிஞ்சு, 'உன் முரசு எங்கே'ன்னு அவங்களே கேக்கட்டும். அன்னிக்கு வாசிக்கிறேன்."

ஆகவே எம் அரசர் ஆணை இது. நங்கையார் வரும் நாளில் எம் கோட்டை வாயிலில் முரசு முழங்காது, கொம்பு ஊதாது. எவரும் ஓடிவந்து சூழமாட்டார். வாயில் திறந்திருக்கும், நங்கையார் தம் விருப்பம் போல் நடந்து வரலாம். மனம் ஒப்பாவிடில் மீள்வதற்குப் பல்லக்கும் அங்கேயே நிற்கும். இளவரசரும் முந்திக்கொண்டு எதிர்வர மாட்டார். அவர் இப்போது நாள்தோறும் கொட்டில் தரையில் படுத்துக் கிடக்கிறார். கால் விரலைத் தும்பை மோந்து பார்க்கும் அளவுக்கு உயர்ந்திருக்கிறார்.

இவ்வோலை எம் அரசர் செவியில் படிக்கப்பெற்று, அவர் இசைவோடு கட்டப்பெற்றது. வலப்புறம் எம் நாட்டு முரசு முத்திரை. இடப்புற ஓரம் கடிபட்டிருப்பதைக் காண்க. எழுதி மை பூசிக் காயவைத்தபோது தும்பை கடித்தது, அழிசியின் மடியில் இருந்தபடியே. ஓலையை மாற்றி எழுத வேண்டாம், அதுவே இரண்டாம் முத்திரையாகட்டும் என்றார் அரசர்.