மாரிக்கு மறுபடி அயோடின்

13 ஜனவரி 2025, திங்கள்
நாளை பொங்கல். நாங்கள் குடியிருக்கும் லேபர் கேம்ப் சந்தெல்லாம் கரும்பு. நானும் என் மனைவி மாரியும் ஆஸ்பத்திரியில். அவளுக்குத் தைராய்டை எடுத்தாயிற்று, ஆனால் புற்று நுரையீரலுக்குப் போயிருக்கிறது. போன வருஷம் கொடுத்த கதிரியக்க அயோடினை அந்தக் கட்டிகள் வாங்கவே இல்லை.

டாக்டர் பத்மஜா சொன்னார்: "அயோடினை உள்ளே இழுக்கற வேலையை அந்த செல்லெல்லாம் மறந்துடுத்து. உங்க ஜீன் மாற்றத்துக்குன்னே ஒரு மாத்திரை இருக்கு. அது ஞாபகப்படுத்தினா, மறுபடி அயோடின் கொடுக்கலாம். பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம்."

"அப்போ மறந்துபோன அந்தக் கழுதைகளுக்கு டியூஷன் எடுக்கணும்ங்கிய?" என்றாள் மாரி. டாக்டரே சிரித்துவிட்டார்.

27 ஜனவரி
மாத்திரை ஆரம்பம். வெறும் வயிற்றில்.

4 பிப்ரவரி
காய்ச்சல். இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டுகிறது. மாத்திரையை நிறுத்திவைக்கச் சொன்னார் டாக்டர். "நீங்க எதுக்கு அழுதிய? காய்ச்சல் எனக்குல்லா" என்கிறாள். நான் என்னத்தச் செய்வேன்—

8 பிப்ரவரி
காய்ச்சல் விட்டது. மறுபடி மாத்திரை. துணி காயப்போடத் தெரியவில்லை என்று திட்டினாள். நிம்மதி.

20 பிப்ரவரி
மறுபடி அயோடின் கொடுக்கும்வரை அயோடின் உப்பு, மீன், பால், முட்டை எதுவும் அவளுக்குக் கூடாது. நானும் அவள் சாப்பிடுவதையே சாப்பிடுகிறேன். பட்டறையில் கூட வேலை செய்யும் அபுதாஹிர் மீன் குழம்பை நீட்டினான். வேண்டாம் என்றதும், "மதினிக்காக நோன்பு வச்சிருக்கீராவே?" என்றான். ஆமாம் என்றேன்.

3 மார்ச்
சோதனைக்குக் கொஞ்சம் அயோடின் கொடுத்து எடுத்த ஸ்கேன் படத்தில் நெஞ்செல்லாம் கரும்புள்ளி. இவ்வளவும் புற்றா என்று கேட்டேன்.

"பயப்படாதீங்கோ. அயோடின் போய் உட்கார்ந்த இடம் அது. போன வருஷம் இங்கே ஒண்ணுமே தெரியலையே! மாத்திரை வேலை செஞ்சிருக்கு" என்றார் டாக்டர்.

புற்றைப் பார்த்து சந்தோஷப்பட்ட மனுஷன் நான் ஒருவன்தானா?

6 மார்ச்
பெரிய அளவு அயோடின் கொடுத்துவிட்டார்கள். தனி அறை, யாரும் உள்ளே போகக் கூடாது. ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையிலிருந்து போன் செய்தேன்.

"என்னட்டி செய்யுத?"

"தூங்கப் பாக்கேன். நீங்க போனை வச்சாத்தானே?"

வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. டீ ஆறிப்போயிற்று.

22 செப்டம்பர்
கட்டிகள் பாதிக்கும் மேல் சுருங்கிவிட்டன. சில காணவே இல்லை. "முழுசாப் போயிடுத்துன்னு சொல்லமாட்டேன். பார்த்துண்டே இருக்கணும்" என்றார் டாக்டர். வெளியே வந்ததும் நடுரோட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அப்படிச் செய்ததில்லை.

12 அக்டோபர், ஞாயிறு
தீபாவளிக்கு வீட்டுக்கு பெயிண்ட். சுவரில் மஞ்சள் அடித்துக் காட்டிய பெயிண்டர் கேஷவ், ஐந்து வருஷம் தாங்கும் என்றான். மாரி விடவில்லை, தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள்.

"தஸ் சால் சல்னா மாங்தா!"

பத்து வருஷம் தாங்க வேண்டுமாம். அதற்குள் நிறம் போனால் அவனைத் தேடிப் பிடித்து, தானே பக்கத்தில் நின்று மறுபடி அடிக்க வைப்பாளாம்.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"அங்க என்ன பாக்கிய? ஏணி ஆடுது பாருங்க" என்றாள்.